அணை மீன்னு நீங்க சாப்பிடுறது எந்த ஊர் மீன்?



போன மாசம் தம்பி மகன் சென்னையில் இருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். வந்தால் மேட்டூர் போகாமல் விடமாட்டான். பூங்காவைச் சுற்றிவிட்டு, வறுவல் கடையில் மீன் சாப்பிட்டே ஆகணும். அன்றைக்கும் உட்கார்ந்தோம். தட்டில் ரெண்டு துண்டு கட்லாவும் முழுசாக ஒரு ஜிலேபியும் வந்தது. அவன் தன் பையனிடம், "நல்லா சாப்பிடுடா, இது ஐஸ்ல வச்ச மீன் இல்ல. ஒரிஜினல் காவிரி மீன்" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சரிதானே பெரியப்பா?" என்று கேட்டான்.

நான் தலையை ஆட்டிவிட்டேன். சாப்பிடுகிற நேரத்தில் என்னத்தைச் சொல்வது? ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை. ஏனென்றால் அந்தத் தட்டில் இருந்த ரெண்டு மீனுக்கும் காவிரி சொந்த ஊர் கிடையாது. ஒன்று கோதாவரிக்கும் கங்கைக்கும் சொந்தக்காரன். இன்னொன்று ஆப்பிரிக்காக்காரன். காவிரியின் சொந்த மீன்கள் எங்கே போயின என்ற கதையைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அணைக்கு முந்தின ஆறு

எங்கள் கிராமம் மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பை ஒட்டி இருக்கிறது. எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாதான் எங்களுக்கு அப்புச்சி) அணை திறந்தபோது பத்து வயசு இருக்கும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், ராத்திரி களத்தில் படுத்துக்கொண்டு அவர் மீன் பெயர்களாகச் சொல்லுவார். கருமுழிக்கெண்டை, வெண்கெண்டை, சேல்கெண்டை, வாளை, கெளுத்தி, ஆரல், விலாங்கு, வெளிச்சி, அயிரை என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லுவார். அந்தப் பட்டியலில் கட்லாவும் இல்லை, ரோகுவும் இல்லை, ஜிலேபியும் இல்லை. இதை நான் அப்போது கவனிக்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அணை வேலை 1925ல் ஆரம்பித்து 1934ல் முடிந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 21ம் தேதி திறந்தார்கள். அப்போதைய மதராஸ் கவர்னர் ஸ்டான்லி பெயரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. இந்தக் கணக்கெல்லாம் நீங்கள் செய்தியில் கேட்டதுதான். தண்ணீருக்குள்ளே போன ஊர்களைப் பற்றியும் படித்திருப்பீர்கள். அணை வற்றினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் வெளியே தெரியும். டி.வி.காரர்கள் வந்து படம் எடுத்துப் போவார்கள். தண்ணீருக்குள் போன கோயிலையும் சர்ச்சையும் எல்லோரும் பார்த்துவிட்டோம். தண்ணீருக்குள்ளேயே காணாமல் போனதை யாரும் படம் எடுக்க முடியவில்லை.

ஆறு வேறு, தேக்கம் வேறு. இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். காவிரி மீன்களில் பல, ஆடி வெள்ளத்தை நம்பிப் பிழைத்தவை. செந்தண்ணி வரும்போது அது எதிர்த்து ஏறும். கல்லும் மணலுமான இடத்தில், ஓடுகிற தண்ணீரில் முட்டை போடும். குஞ்சுகள் கரையோரம் பரந்து நிற்கும் தண்ணீரில் வளரும். அணை கட்டியதும் கீழே வெள்ளம் நின்றுபோனது. மேலே ஓட்டம் நின்று குளமாகிவிட்டது.

கடலில் இருந்து ஏறி வரும் மீன்களுக்கு அடி இன்னும் பலம். உல்லம் என்று ஒரு மீன். வங்காளத்தார் உயிரையே விடுவார்களே, ஹில்சா, அதேதான். கடலில் வாழும், முட்டை போட மட்டும் வெள்ளத்தோடு ஆற்றில் ஏறும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒரு காலத்தில் ஏராளமாக ஏறி வந்திருக்கிறது. 1836ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டியபோதே அதற்கு முதல் தடை வந்துவிட்டது. இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய பிரான்சிஸ் டே என்கிற ராணுவ டாக்டர், இந்த மாதிரி அணைக்கட்டுகளால் மீன் ஏற முடியாமல் போவதை 1873லேயே அரசாங்கத்துக்கு அறிக்கையாக எழுதினார். 1909ல் வில்சன் என்ற மீன்துறை அதிகாரி, கொள்ளிடம் கீழணையில் உல்லத்தின் முட்டையை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்தார். அப்போதே குறைந்துவிட்டது என்கிற கவலைதான் காரணம். மேட்டூர் வந்த பிறகு வெள்ளமே கட்டுக்குள் போனது. உல்லத்தின் கதையும் முடிந்தது.

மதராஸ் மீன்துறை இயக்குநராக இருந்த டாக்டர் பி. சுந்தரராஜ் 1941ல் ஒரு கட்டுரை எழுதினார். அணைகளும் மீன்வளமும் என்பது விஷயம். மேட்டூர் இந்தியாவுக்குச் சொல்லும் பாடம் என்ன என்பதுதான் அதன் தலைப்பே. அணை திறந்து ஏழே வருஷத்தில் பாடம் எழுதியாகிவிட்டது. நாம்தான் படிக்கவில்லை.

ஆகவே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டு மீனுக்கு முதல் அடி கொடுத்தது வெளியூர் மீன் இல்லை, அணைதான். வெளியூர் மீன் வந்தது அதற்கப்புறம். அடிபட்டுக் கிடந்தவன் வீட்டில் புது ஆளைக் குடியேற்றிய கதை அது.

கட்லா வந்த கதை

இவ்வளவு பெரிய தேக்கம். நிறைந்தால் 150 சதுர கிலோமீட்டருக்குத் தண்ணீர். அதில் மீனை வளர்த்தால் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று யோசித்தது தப்பே இல்லை. காவிரி மீன்கள் ஆழமான, தேங்கிய தண்ணீருக்குப் பழகியவை அல்ல. தேக்கத்தில் மேல்மட்டத்தில் மிதக்கிற நுண்ணுயிர்களைத் தின்று வேகமாகப் பெருக்கிற பெரிய மீன் இங்கே கிடையாது. அந்த இடம் காலி. கட்லா அந்த வேலைக்கென்றே பிறந்த மாதிரி. வாய் மேலே பார்த்து இருக்கும். மேல்தண்ணீரில் மேயும். ஒரே வருஷத்தில் ஒரு கிலோ தாண்டும்.

கட்லாவுக்கு வடக்கே கங்கை முதல் கோதாவரி வரைக்கும்தான் சொந்த ஊர். அணை வருவதற்கு முன்பே, 1920களில், கோதாவரிப் பக்கத்தில் இருந்து கட்லாக் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டிருக்கிறார்கள். அணை வந்த பிறகு அது நிலைத்துவிட்டது. பின்னாடியே ரோகுவும் மிர்காலும் வந்தன.

அந்தக் காலத்தில் இந்தக் குஞ்சுகளைச் சேகரிப்பது லேசான வேலை இல்லை. இந்தக் கெண்டைகள் குளத்தில் முட்டை போடாது. ஆற்று வெள்ளத்தில்தான் போடும். அதனால் வெள்ளக் காலத்தில் வங்காளத்து ஆறுகளில் நைஸ் வலை கட்டிக் குஞ்சு பிடித்து, பானையில் ஊற்றி ரயிலில் அனுப்புவார்கள். வழியில் பாதி செத்துப்போகும். இதை மாற்றியது 1957. ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் மீனின் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியை எடுத்துக் கரைத்து ஊசி போட்டு, குளத்திலேயே கெண்டையை முட்டை போட வைத்தார்கள். அது நடந்த ஜூலை 10ம் தேதியைத்தான் இன்றைக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கப்புறம் குஞ்சுக்குப் பஞ்சமில்லை. மேட்டூரிலேயே அரசு மீன் விதைப் பண்ணை இருக்கிறது. வருஷா வருஷம் லட்சக்கணக்கில் அணையில் விடுகிறார்கள்.

இதனால் நன்மை இல்லையா? நிறையவே உண்டு. அணையை நம்பி லைசென்ஸ் எடுத்துப் பரிசலில் போகும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ராத்திரி வலை கட்டி, விடியக்காலையில் எடுத்து, எடை போட்டு, அந்தக் காசில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். நான் அவர்களோடு டீக்கடையில் உட்காருகிறவன். கட்லாவைக் கொண்டுவந்தது பாவம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

ஆனால் கணக்கில் ஒரு பக்கம் விட்டுப்போனது. கட்லா மேல்மட்டத்துக்காரன், அவனுக்கு இங்கே போட்டி குறைவு. மிர்கால் அப்படி இல்லை. அது அடிமட்டத்தில் சேற்றையும் மக்கிய இலைதழையையும் மேயும். நம் வெண்கெண்டையும் அதே தட்டில்தான் சாப்பிடும். ரெண்டும் ஒரே சாதிக் கெண்டை, பங்காளி மாதிரி. கருமுழிக்கெண்டையின் மேய்ச்சலும் அடிமட்டம்தான். ஒரு பங்காளிக்கு வருஷா வருஷம் அரசாங்கமே ஆள் சேர்த்து அனுப்புகிறது. இன்னொரு பங்காளிக்கு முட்டை போடவே இடமில்லை. கடைசியில் காடு யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வலையும் சேர்ந்து கெடுத்தது. பெரிய கெண்டைக்குக் கட்டின வலையில் நாட்டு மீனும்தான் மாட்டும். கட்லா குறைந்தால் அடுத்த வருஷம் பண்ணையில் இருந்து குஞ்சு வரும். கருமுழிக்கெண்டை குறைந்தால் அதற்குக் குஞ்சு விட ஆள் இல்லை. தேக்கம் வந்த புதிதில் வலையில் நிறையக் கிடைத்த காவிரிக் கெண்டை வகைகள், ஒரு தலைமுறைக்குள்ளே எடைக்கணக்கில் பேர் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிப்போயின.

ஜிலேபி வந்த கதை

இப்போது ஆப்பிரிக்காக்காரன் கதை. இதன் சொந்த ஊர் மொசாம்பிக் பக்கம். 1930களின் கடைசியில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் முஜாயிர் என்கிற ஒரு சாதாரண மனுஷர் கழிமுகத்தில் இதைப் பார்த்துப் பிடித்து வளர்த்தார். ஆப்பிரிக்க மீன் அங்கே எப்படிப் போனது என்று இன்றுவரை தெளிவாகத் தெரியவில்லை. இன்றைக்கும் அந்த நாட்டில் இந்த மீனுக்கு முஜாயிர் என்றே பெயர். அங்கிருந்து தாய்லாந்து, இலங்கை என்று பரவியது. 1952ல் இலங்கையில் இருந்து நம் மண்டபம் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் பாங்காக்கில் இருந்து மதராசுக்கும் வந்தது.

அது நாடு முழுக்கச் சாப்பாட்டுப் பஞ்சம் இருந்த காலம். எந்தத் தண்ணீரிலும் வளரும், எதையும் தின்னும், தானே பெருகும் மீன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஏழைகளின் கோழி என்று புகழ்ந்தார்கள். குளம், ஏரி, அணை என்று எல்லாவற்றிலும் விட்டார்கள். ஏழே வருஷத்தில், 1959ல், இதை மேற்கொண்டு பரப்ப வேண்டாம் என்று மத்திய அளவில் மீன் ஆராய்ச்சிக் குழு முடிவு எடுத்தது. ஆனால் தண்ணீரில் விட்ட மீனுக்கு அரசாணை படிக்கத் தெரியாதே!

இது ஏன் இப்படிப் பெருகுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கெண்டை லட்சக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். முட்டையை ஆறுதான் காப்பாற்ற வேண்டும். ஜிலேபி சில நூறுதான் போடும். ஆனால் தாய் மீன் அத்தனையையும் வாயில் வைத்தே அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும், ஆபத்து என்றால் குஞ்சுகள் ஓடிவந்து தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். பிறந்து சில மாசத்திலேயே, விரல் நீளம் இருக்கும்போதே முட்டை போட ஆரம்பித்துவிடும். வருஷத்துக்குப் பல தடவை போடும். வெள்ளம் வேண்டாம், கல் வேண்டாம், மணல் வேண்டாம். கரையோரச் சேற்றில் ஆண் மீன் வட்டமாக ஒரு குழி தோண்டினால் போதும். கோடையில் அணை ஓரமாகப் போனால் தட்டு தட்டாக அந்தக் குழிகளைப் பார்க்கலாம்.

அணையில் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பாசனத்துக்குத் திறந்தால் மளமளவென்று இறங்கும். கரையோரம் முட்டை போடும் மற்ற மீன்களின் முட்டை காய்ந்து சாகும். ஜிலேபி முட்டையை வாயில் தூக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். சொல்லப்போனால், மனுஷன் கட்டிய அணைக்கு என்றே செய்த மீன் மாதிரி இருக்கிறது. பாசி, சேறு, மக்கிய குப்பை என்று எல்லாம் தின்னும். கிடைத்தால் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் விடாது.

உடுமலைக்கு மேலே அமராவதி அணையைப் பாருங்கள். 1950களின் கடைசியில் கட்டிய அணை. ஜிலேபி புகுந்த பிறகு பல வருஷங்களாக அங்கே பிடிபடும் மீனில் பெரும்பங்கு அதுதான். அமராவதி ஜிலேபி என்று பேரெடுத்து விற்கிறது. வயிற்றுக்கு நல்லதுதான். ஆனால் ஒரு ஆற்றில் ஐம்பது அறுபது வகை மீன் இருந்த இடத்தில், எடையில் ஒரே வகை நிறைந்திருப்பது என்பது, பல தானியம் விளைந்த காட்டில் சீமைக்கருவேலம் மட்டும் நிற்பது மாதிரி. அதுவும் பச்சையாகத்தான் தெரியும்.

எல்லா இடத்திலும் இப்படியேதான் ஆகும் என்றும் சொல்ல முடியாது. இலங்கை ஏரிகளில் இதே ஜிலேபி உள்நாட்டு மீன்பிடிப்பையே தூக்கி நிறுத்தியது. அங்கே தேங்கிய தண்ணீரில் வாழும் பெரிய மீன் வகைகள் இயற்கையிலேயே குறைவு, காலி இடம் அதிகம். அங்கே வரம், இங்கே வேறு. மண்ணைப் பார்க்காமல் விதை போடக்கூடாது என்பது விவசாயிக்குத் தெரிந்த விஷயம்தான்.

மேலாற்றில் ஒரு ராஜா

அணைக்கு மேலே ஒகேனக்கல்லையும் தாண்டி, கர்நாடக எல்லைக் காட்டுக்குள் காவிரி பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே மஹ்சீர் என்கிற பெருங்கெண்டை உண்டு. காவிரிக்கே உரியது, முதுகில் திமில் மாதிரி மேடு உள்ள வகை. உலகத்தில் வேறு எந்த ஆற்றுக் குடும்பத்திலும் அது கிடையாது. 1946ல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! ஒரு மூட்டை நெல்லுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அணைகளும் வெடி போட்டு மீன் பிடிப்பதும் அதைக் குறைத்துக்கொண்டே வந்தன. மஹ்சீரைக் காப்பாற்றுகிறோம் என்று நல்ல எண்ணத்தோடு, மகாராஷ்டிரத்து லோனாவாலாப் பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகளைக் காவிரியிலும் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் மஹ்சீர்தான், ஆனால் வேறு வகை. அது கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது.

பிறகு ஆராய்ச்சியாளர்கள், 1998 முதல் 2012 வரை அந்தக் காட்டு முகாம்களில் தூண்டில் போட்டவர்கள் எழுதிவைத்த நோட்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். நீலத்துடுப்பு பெருகிக்கொண்டே போகிறது. திமில் மஹ்சீர் குறைந்துகொண்டே போகிறது. கிடைத்த ஒன்றிரண்டும் வரவரப் பெரிய மீனாகவே இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல சேதி மாதிரி இருக்கும். இல்லை. சின்னது வரவே இல்லை என்று அர்த்தம். நம் கிராமத்தில் கிழவன் கிழவி மட்டும் இருந்து, தொட்டில் இல்லாமல் போன வீடு மாதிரி.

இதில் இன்னொரு வேதனை. அந்த ராஜா மீனுக்கு அறிவியல் பெயர் எது என்றே 2018 வரைக்கும் முடிவாகவில்லை. கேரளத்துப் பாம்பாற்றில் கண்டு 2007ல் பெயர் வைத்த மீனும் இதுவும் ஒன்றே என்று அப்போதுதான் உறுதி செய்தார்கள். அந்தப் பாம்பாறு ஓடிவந்து சேருவது எங்கே தெரியுமா? நான் மேலே சொன்ன அமராவதி அணையில். பெயர் கிடைத்த அதே வருஷம், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். பெயர் வைக்கும் முன்னாடியே சாவுக்கு நாள் குறித்த மாதிரி ஆகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான். கெட்ட எண்ணத்தோடு யாரும் மீன் விடவில்லை. பசிக்காக விட்டார்கள், வருமானத்துக்காக விட்டார்கள், கடைசியில் காப்பாற்றுவதற்காகவும் விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே தண்ணீருக்குள் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

என் பங்கு

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

எனக்கு அப்போது இருபத்தஞ்சு வயசு இருக்கும். எங்கள் ஊர் ஏரி நிறைந்த வருஷம். நானும் கூட்டாளிகள் நாலு பேரும் அணையில் இருந்து ரெண்டு குடம் ஜிலேபிக் குஞ்சு கொண்டுவந்து ஏரியில் ஊற்றினோம். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று பெருமை வேறு. அடுத்த வருஷம் ஊரே வலை போட்டது. எங்களைப் பாராட்டாத ஆள் இல்லை.

நாலைந்து வருஷம் போனது. அந்த ஏரியில் மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரம் துணியைக் கட்டினால் அயிரையும் வெளிச்சியும் கிடைக்கும். எங்கள் அம்மா அயிரையை மண்சட்டியில் உப்புப் போட்டு உரசிக் கழுவிக் குழம்பு வைப்பார். ஒரு ஐப்பசியில் துணி கட்டினேன், ஜிலேபிக் குஞ்சு மட்டும் வந்தது. மறுவருஷமும் அதேதான். அம்மா, "அயிரை எங்கடா சாமி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜிலேபி மட்டும்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அதே காலத்தில்தான் நாங்கள் வயலுக்குப் பூச்சிமருந்து அதிகம் அடித்தோம், வாய்க்காலும் தூர்ந்தது. ஆனால் ரெண்டு குடம் ஊற்றிய கை என் கைதான்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருஷம் என் காட்டில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினேன். மானாவாரி நிலத்துக்குத் தண்ணீர் நிற்கட்டும், ரெண்டு காசு மீனிலும் பார்க்கலாம் என்று ஆசை. குஞ்சு விற்கிற ஒருத்தர் வந்தார். "அண்ணா, கட்லா ரோகு எல்லாம் விடாதீங்க. புது ரகத் திலாப்பியா இருக்கு. ஆறு மாசத்துல அரைக்கிலோ. எல்லாம் ஆண் குஞ்சுதான், பெருகாது" என்றார். அந்த வகையை வளர்க்க முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். அதைக் கேட்டால், "அதெல்லாம் யாரு பாக்குறா?" என்கிறார்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். என் குட்டை நிரம்பினால் ஓடைக்குப் போகும். ஓடை அணைக்குப் போகும். எல்லாம் ஆண் என்கிறார். ஆயிரத்தில் பத்து பெண் கலந்திருந்தால்கூட என்ன ஆகும் என்று எனக்கு ரெண்டு குடம் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வருமானம் என்று பார்த்தால் அவர் சொன்னதுதான் லாபம். மறுக்க முடியாது. மகள் படிப்புச் செலவு இருக்கிற வருஷம் அது.

கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்லாவும் ரோகுவும் கொஞ்சம் விட்டேன். அதுவும் வெளியூர் மீன்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ஆனால் அது குட்டையில் முட்டை போடாது. அணையில் ஏற்கெனவே இருக்கிறது. தப்பிப் போனாலும் புதுசாக ஒரு கேட்டை நான் சேர்த்தவன் ஆகமாட்டேன். வடிகால் வாயில் வலையும் கட்டியிருக்கிறேன். வந்த வருமானம் அந்த ஆள் சொன்னதில் பாதிகூட இல்லை. மழைக்கு ஓடைத் தண்ணீர் ஏறியபோது தானாகவே நாலு கெளுத்தியும் சில குறவையும் குட்டைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை நான் பிடிப்பதில்லை.

உங்களிடம் ரெண்டு வார்த்தை

நாட்டு மீன் சுத்தமாக ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் மேட்டூரில் வாளை, கெளுத்தி, ஆரல் எல்லாம் வலையில் வருகின்றன. புது வெள்ளம் வந்தால் கூடுதலாக வரும். 2017 கோடையில் அணை சுமார் 20 அடிக்குப் போனது. இனி மீன் எங்கே என்று நினைத்தோம். 2018 ஆடியில் 120 அடி நிறைந்தது. அந்த வருஷம் ஒரு வயசான பரிசல்காரர் கையளவு ஒரு கருமுழிக்கெண்டையை என்னிடம் காட்டினார். "பாத்து எத்தனை வருசமாச்சு சாமி" என்று அதைத் திருப்பித் தண்ணீரிலேயே விட்டார். எடை போட்டிருந்தால் அவருக்குப் பத்து இருபது ரூபாய் கிடைத்திருக்கும்.

நகரத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மீன் பெரிதாகிவிட்டது, பாவம், ஏரியில் விட்டுவிடலாம் என்று தயவுசெய்து விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்குகிற சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதை இப்போது சென்னைப் பக்கத்து நீர்நிலைகளிலும் வலையில் எடுக்கிறார்கள். முள்ளும் ஓடுமாக வலையைக் கிழிக்கும், தின்னவும் ஆகாது. அதைவிட ஜிலேபி எவ்வளவோ தேவலை. அதேபோல ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000ல் மத்திய அரசு தடை செய்த மீன். இன்னும் அங்கங்கே ரகசியமாக வளர்க்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை வளர்க்க ஆள் இருப்பான்.

அடுத்த தடவை அணைக்கு வந்தால் வறுவல் தாராளமாகச் சாப்பிடுங்கள். பிடித்தவர் குடும்பம் பிழைக்கட்டும். கூடவே அந்த மீனின் பேரையும் அதன் ஊரையும் கேளுங்கள். பக்கத்தில் வயசானவர் யாராவது இருந்தால், முன்னே என்னென்ன மீன் இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அப்புச்சி சொன்ன பட்டியலை நான் அப்போது எழுதிவைக்கவில்லை. இப்போது ஒன்பது பெயர்தான் ஞாபகம் இருக்கிறது. அவர் ரெண்டு கை விரலையும் மடக்கி முடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தம்பி மகனுக்கு இந்தப் பதிவை அனுப்புகிறேன். அன்றைக்கு அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.